வளையல் அளவையும் பில்லில் எழுதுங்கள்: செட்டிநாட்டு நகைக்கடைக்காரர்களுக்கும் பத்தர்களுக்கும் ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் நகைக்கடை நடத்தும் முதலாளிமார்களுக்கும், நகை செய்யும் பட்டறை வைத்திருக்கும் பத்தர் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒன்றைக் கேட்கத்தான் எழுதுகிறேன். எடையையும் தரத்தையும் பில்லில் எழுதுகிற மாதிரி, வளையலுக்கும் மோதிரத்துக்கும் உள்ளளவை மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். அந்த அளவை வீட்டிலேயே எப்படி எடுப்பது என்று தமிழில் ஒரு தாள் அச்சடித்துக் கடையில் வையுங்கள்.

நம் ஊர்க் குடும்பங்கள் இருக்கும் இருப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தக் காலத்தில் ரங்கூன், பினாங்கு, கொழும்பு. இன்றைக்குச் சிங்கப்பூர், துபாய், நியூஜெர்சி. ஆனாலும் கல்யாணம் என்றால் வீடு இங்கேதான், நகையும் இங்கேதான். பெண் முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்து இறங்குவாள். அதற்குள் வளையலும் மோதிரமும் தயாராக இருக்க வேண்டும். ஆக, கை ஒரு நாட்டில், பத்தர் ஒரு நாட்டில். நடுவில் போவதும் வருவதும் வாட்ஸ்அப்பில் ஓர் எண் மட்டும்தான்.

அந்த எண்ணில்தான் கோளாறு. எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடையிலிருந்து "வளையல் சைஸ் சொல்லுங்க" என்று செய்தி போனது. படித்த பெண், பொறுமையாகக் கையை அளந்தாள், கணக்குப் போட்டாள், 2.6 இஞ்ச் என்று வந்தது. அப்படியே அனுப்பினாள். கடையில் அதை "ரெண்டு ஆறு" என்று படித்தார்கள். கெட்டி வளையல் மூன்று ஜோடி செய்து வைத்தார்கள். வந்து போட்டுப் பார்த்தால் விரல் முட்டியைத் தாண்டவே இல்லை. சோப்புத் தண்ணீர், தேங்காயெண்ணெய், பிளாஸ்டிக் பை எல்லாம் பார்த்தாகிவிட்டது. கல்யாண வீட்டில் அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. திரும்பச் செய்ததற்குக் கூலியும் சேதாரமும் மறுபடியும் கட்ட வேண்டியிருந்தது.

தொழிலில் இருக்கும் உங்களுக்கு இது பழகிய சங்கதி. 2-6 என்றால் ரெண்டு இஞ்ச், அதற்கு மேல் ஓர் இஞ்சைப் பதினாறாகப் பங்கிட்டதில் ஆறு பங்கு. மில்லிமீட்டரில் 60.3. தசமத்தில் 2.6 இஞ்ச் என்றால் 66 மில்லிமீட்டர். அது உங்கள் கணக்கில் கிட்டத்தட்ட ரெண்டு பத்து. இரண்டும் ஒரே எழுத்தில் எழுதப்படுகின்றன, ஏனென்றால் கடைச் சீட்டில் நடுவில் கோடு போடாமல் புள்ளி வைக்கிறீர்கள். 2.10 என்று சீட்டில் பார்க்கிறவர் அது 2.4-ஐவிடச் சின்னது என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? பெரியவர்கள் ரெண்டே அரைக்கால், ரெண்டே கால், ரெண்டரை என்று சொன்னபோது இந்தக் குழப்பத்துக்கு இடமே இருக்கவில்லை. பின்னம் தெரிந்த தலைமுறை அது. இன்றைய பிள்ளைகளுக்கு மில்லிமீட்டர்தான் தெரியும். அதையே எழுதிவிடலாமே.

மோதிரத்தில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவில் 7 என்றால் உள்விட்டம் ஏறக்குறைய 17.3 மில்லிமீட்டர். நம் கடைகளில் விரல் அளக்கும் வளையக் கொத்தில் 7 என்பது 15 மில்லிமீட்டர் சுமார், மெல்லிய விரலுக்குத்தான் ஆகும். லண்டனில் கேட்டால் அளவை எண்ணில் சொல்லாமல் எழுத்தில் சொல்வார்கள். மில்லிமீட்டர் மட்டும்தான் எந்த ஊரிலும் மாறாது.

சரி, வீட்டில் அளப்பது கஷ்டமா என்றால் இல்லை. எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை, அவ்வளவுதான். நீங்கள் அச்சடிக்கும் தாளில் என்ன இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

வளையலுக்குப் பெரும்பாலானவர்கள் மணிக்கட்டை அளக்கிறார்கள். திருகு வைத்துத் திறந்து மூடுகிற வளையலுக்கு அது சரி. கெட்டி வளையல் மணிக்கட்டுக்குப் போய்ச் சேர முட்டியைத் தாண்ட வேண்டுமே! வளையல் போடும்போது கையை எப்படிக் குவிப்போமோ அப்படியே குவித்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் சுண்டுவிரல் பக்கம் மடக்கி, முட்டிகளோடு சேர்த்துக் கை எங்கே அதிக அகலமோ அங்கே டேப்பைச் சுற்ற வேண்டும். இறுக்கக் கூடாது, தொங்கவும் கூடாது. கிடைக்கிற சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் உள்விட்டம். வகுக்கக்கூட வேண்டாம். 18 சென்டிமீட்டர் வந்தால் ரெண்டே கால் (2-4), 19 வந்தால் ரெண்டு ஆறு, 20 வந்தால் ரெண்டரை (2-8). 17 என்றால் ரெண்டு ரெண்டு, 21 என்றால் ரெண்டு பத்து. ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் சரியாக ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். இந்த ஒரு வரியைத் தாளில் பெரிதாகப் போட்டாலே பாதிச் சிக்கல் தீரும். நடுவில் வந்தால் பெரிய அளவை எடுக்கச் சொல்லுங்கள். அகலமான கடா வளையலுக்கும் அப்படியே.

பழைய வளையலை வைத்து அளக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வருஷக்கணக்கில் கையில் கிடந்த வளையல் வட்டமாக இருக்காது. அதை மேசையில் வைத்து, பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் ஸ்கேலால் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு ஒரு முறை, பிறகு அதற்குக் குறுக்கே ஒரு முறை அளந்து பாருங்கள். அறுபதும் ஐம்பத்தேழுமாகக்கூட நிற்கும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால்தான் உண்மையான அளவு. வெளிவிளிம்பைச் சேர்த்து அளந்தால் தங்கத்தின் கனமும் அளவில் ஏறிவிடும்.

மோதிரத்துக்கு நூல் வேண்டவே வேண்டாம். நூல் சதைக்குள் இறங்கும், இழுத்தால் நீளும். நாலைந்து மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு காகிதத் துண்டு வெட்டி, விரலடியில் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் கூர்மையான பென்சிலால் கோடு போட வேண்டும். பென்சில் மொக்கையாக இருந்தால் அந்தக் கோட்டின் தடிமனே அரை மில்லிமீட்டர் இருக்கும். மோதிரத்தில் ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் சுற்றளவில் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான், அதனால் அந்த அரை மில்லிமீட்டரும் பெரிசு. விரல் கணு பருத்தவர்கள் கணுவையும் அளந்து இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவைச் சொல்ல வேண்டும். பட்டையான மோதிரம் என்றால் அரை அளவோ ஓர் அளவோ கூட்டிக்கொள்ள வேண்டும். எந்தக் கையில் போடப் போகிறோமோ அந்தக் கையையே அளக்க வேண்டும். வேலை செய்கிற கை விரல் பெரும்பாலும் சற்றுப் பருத்திருக்கும்.

நேரமும் முக்கியம். காலையில் குளிர்ந்த தண்ணீரில் குளித்துவிட்டு அளந்தால் விரல் சுருங்கியிருக்கும். சித்திரை வெயிலில் நடந்து வந்தவுடன் அளந்தால் வீங்கியிருக்கும். சாயங்காலம், வேலை முடிந்து கொஞ்சம் உட்கார்ந்த பிறகு அளப்பதுதான் நல்லது. ஒரு நாளோடு விடாமல் வேறொரு நாளும் அளந்து பார்க்க வேண்டும். குளிர் ஊரில் இருந்து அளவு அனுப்புகிற பெண்ணிடம், "வைகாசி முகூர்த்தத்துக்கு இங்கே வந்தால் விரல் கொஞ்சம் பருக்கும் ஆத்தா" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் எவ்வளவு உபகாரம்! மாசமாக இருக்கும் பெண்ணின் கையை அளந்து தங்க வளையல் செய்ய வேண்டாம் என்றும் எழுதுங்கள். வளைகாப்புக்குக் கண்ணாடி வளையலை ஓர் அளவு பெரிதாக வாங்கிக்கொள்ளலாம்.

சங்கிலிக்கும் கொலுசுக்கும் இவ்வளவு பாடில்லை. கையில் இருக்கும் சங்கிலியை நேராகப் போட்டுக் கொக்கியோடு சேர்த்து அளந்தால் போதும். புதிதாக என்றால், நீளாத ஒரு கயிற்றைக் கழுத்தில் போட்டுக் கண்ணாடியில் பார்த்து, பிடித்த இடத்தில் குறித்துக்கொள்ளலாம். கொலுசுக்குக் கணுக்காலைச் சுற்றி அளந்து, நடக்கவும் சம்மணம் போடவும் இடம் விட்டுச் சொல்ல வேண்டும். தோடு வாங்குகிறவர்கள் காது மடலின் கனத்தைக் கவனிக்க வேண்டும். தண்டு குட்டையாக இருந்தால் திருகாணி சதையை நெரிக்கும்.

பழைய நகைகளை எடுத்துப் பார்க்கிறபோது அந்தக் காலத்துப் பத்தர்கள்மேல் மரியாதை கூடுகிறது. அட்டிகைக்குப் பின்னால் கயிறு, இழுத்தும் தளர்த்தியும் போட்டுக்கொள்ளலாம். கழுத்திரு (நகரத்தார் கல்யாணத் தாலி) சரட்டில் கோத்தது, கோக்கிறபோதே கழுத்துக்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம். மெட்டிக்கு வாய் திறந்திருக்கும், விரலுக்குத் தக்கபடி நெருக்கலாம். பாட்டி நகை பேத்திக்கு ஆனது அதனால்தான். இப்போதைய நகைக்கு அந்த இடம் இல்லை. உள்ளே கூடாக இருக்கும் வளையலை அறுத்து ஒட்டினால் நெளியும். சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தில் கைவைக்கவே முடியாது. வைர மோதிரத்தைப் பெரிதாக்கும்போது கல் பிடிப்பு தளர்ந்துபோகும் ஆபத்து உண்டு. ரெண்டே காலை ரெண்டு ஆறு ஆக்க ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குத் தங்கம் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும், ஒட்டும் தெரியும். அதனால்தான் முதல் தடவையே அளவு சரியாக இருக்க வேண்டும் என்கிறேன். வடிவம் இடம் கொடுத்தால், சங்கிலிக்கும் அட்டிகைக்கும் பின்னால் இரண்டு மூன்று வளையம் கூடுதலாக வைத்துத் தாருங்கள்.

தரத்துக்கு அரசாங்கமே வழி செய்துவிட்டது. 2021 ஜூன் முதல் பல மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்ட ஹெச்யுஐடி (ஒவ்வொரு நகைக்குமான தனி அடையாளக் குறி) இல்லாமல் ஹால்மார்க் நகை விற்க முடியாது. 22கே916 என்ற முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க எங்கள் வீட்டுப் பெரியம்மாவுக்கும் தெரியும். ஆனால் அந்த முத்திரையில் அளவு இல்லை. அதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான், சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் தையல்காரர் ஒவ்வொரு பெண்ணின் ரவிக்கை அளவையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும் எடுத்துக் காட்டுவார். பவுன் கணக்கில் வாங்குகிற நகைக்கு அந்தக் கவனம் வேண்டாமா?

தாளை அச்சடிக்கும்போது அதில் மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு காகித ஸ்கேலும், அளவளவாக வட்டங்களும் போடுங்கள். போனில் அனுப்பினால் திரைக்குத் திரை வட்டம் சிறுத்தும் பெருத்தும் தெரியும், பிரிண்ட் எடுத்தாலும் சுருங்கலாம். அதனால் தாளின் ஓரத்தில் ஏடிஎம் கார்டு அளவுக்கு ஒரு கட்டம் வரையுங்கள். எந்த பேங்க் கார்டானாலும் நீளம் 85.6 மில்லிமீட்டர்தான். கார்டை அதன்மேல் வைத்துப் பொருந்தினால் பிரிண்ட் சரி, பொருந்தாவிட்டால் அந்தத் தாளை நம்ப வேண்டாம் என்று கீழே எழுதிவிடுங்கள்.

தை முகூர்த்தத்துக்கு ஐப்பசியிலேயே ஆர்டர் வர ஆரம்பித்துவிடும். அதற்குள் நாலு கடை சேர்ந்து ஒரே தாளாக அடித்தால் செலவும் குறையும், ஊர் முழுக்க ஒரே அளவாகவும் இருக்கும். வாசகத்தை எழுதித் தர நான் தயார். அனுபவப்பட்ட பத்தர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தால் போதும். தாள் வருகிற வரைக்கும், நாளையிலிருந்தே பில்லில் எடைக்குப் பக்கத்தில் உள்விட்டத்தை எழுத ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
பள்ளத்தூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி