“அரிக்கிறதா?” என்று யாரும் கேட்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் முகப்பரு பற்றி வரும் கட்டுரைகளைக் கடந்த சில ஆண்டுகளாகக் கத்தரித்து ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருப்பவள் நான். வீட்டில் வளரும் பிள்ளை இருக்கிறான் என்பதுதான் அதற்குக் காரணம். அந்தக் கட்டுரைகள் எதிலும் நான் காணாத ஒன்றை, என் மகனுக்கு நேர்ந்ததை வைத்து இங்கே எழுத விரும்புகிறேன். பார்வைக்குப் பரு போலவே தோன்றி, பருவுக்குக் கொடுக்கும் மருந்துகளுக்குக் கட்டுப்படாமல், சில வேளைகளில் அந்த மருந்துகளாலேயே பெருகிவிடும் தோல் நோய் ஒன்று உண்டு. ‘ஃபங்கல் ஆக்னி’ என்று இளைஞர்கள் கைபேசியில் தேடிப் படிப்பது இதைத்தான். தோல் மருத்துவர்கள் இதை மலசீசியா ஃபோலிகுலைடிஸ் என்கிறார்கள். மயிர்க்கால்களுக்குள் ஒருவகைப் பூஞ்சை அளவுக்கு மீறிப் பெருகுவதால் இது வருகிறது.

என் மகன் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஆண்டில் இது தொடங்கியது. நாங்கள் இருப்பது தூத்துக்குடியில். கடற்காற்றில் ஈரம் குறையாத ஊர் என்பதால், கோடையில் வியர்வையும் வேர்க்குருவும் இங்கே யாருக்கும் புதிதல்ல. நெற்றியில் முடி தொடங்கும் ஓரத்தில், கடுகைத் தூவியது போல, எல்லாம் ஒரே அளவில் சிறு சிறு கொப்புளங்கள் தோன்றியபோது நாங்களும் வேர்க்குரு என்றே நினைத்துச் சந்தனம் அரைத்துப் பூசினோம். மழைக்காலம் வந்தும் அவை போகவில்லை. தோள்களுக்கும் முதுகுக்கும் பரவின. அவன் இரவில் தூக்கத்திலேயே முதுகைப் பாயில் தேய்த்துக்கொள்ளும் சத்தம் கேட்டு நான் விழித்த நாட்கள் உண்டு. துவைக்க ஊறவைக்கும்போது அவனுடைய வெள்ளை பனியனின் முதுகுப் பக்கத்தில், ஊசி முனையால் தொட்டு வைத்தது போல இரத்தப் புள்ளிகள் இருக்கும். அப்படி இருந்தும், அரிப்பைப் பற்றி மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பரு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நம்பியிருந்தேன்.

முதலில் நாங்கள் போனது அருகிலிருந்த மருந்துக்கடைக்கு. முகத்தைப் பார்த்தவுடனே கடையிலிருந்தவர் ஒரு டியூபை எடுத்துக் கொடுத்தார். சீட்டு எதுவும் கேட்கவில்லை. அதில் இருந்தவை ஒரு பூஞ்சைக் கொல்லி, ஒரு ஆன்டிபயாட்டிக், குளோபெட்டசால் என்னும் மிகக் கடுமையான ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். பூசிய நான்காம் நாள் நெற்றி தெளிந்தது. மகன் கண்ணாடி முன் நின்று சிரித்தான். நிறுத்திய ஒரு வாரத்தில் முன்பைவிட அதிகமாகக் கிளம்பியது. மறுபடி பூசினோம். இப்படியே ஏழெட்டு டியூப்கள் தீர்ந்தன. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அப்போதைக்கு அடக்கிவிடுகிறது; அதே சமயம், பூஞ்சையைத் தடுத்து வைத்திருக்கும் தோலின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடுகிறது. அவன் கன்னத் தோல் மெலிந்து, வெயிலில் நின்றால் செக்கச் சிவந்து எரியத் தொடங்கியதும் அதே டியூபின் வேலைதான். இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்த நிலைக்கு ‘ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம்’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள் என்றால், எத்தனை முகங்கள் அவர்களிடம் அப்படி வந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அதன் பிறகு ஒரு மருத்துவரிடம் சென்றோம். அவர் மேல் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. கூட்டம் நிறைந்த மாலை நேரத்தில், பதினேழு வயதுப் பையன் நெற்றியில் கொப்புளங்களோடு வந்து நின்றால், நூற்றில் பெரும்பாலும் அது பருவாகத்தான் இருக்கும். டாக்ஸிசைக்ளின் என்னும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் பென்சாயில் பெராக்சைடு என்னும் பருக் களிம்பும் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் தவறாமல் எடுத்துக்கொண்டான். முதுகில் இருந்தது மார்புக்கும் வந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று அவனிடமே நான் கோபித்துக்கொண்டதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

தொடங்கிப் பதினெட்டு மாதங்கள் ஆன பின்பு, உறவினர் ஒருவர் சொன்னதன் பேரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போனோம். அங்கே பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர், முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகையும் பார்த்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி, “அரிக்குதாப்பா?” என்பதுதான். “ரொம்ப அரிக்குது சார், வேர்த்தா தாங்க முடியாது” என்று அவன் சொன்ன வேகத்தைப் பார்த்தபோதுதான், இத்தனை நாள் யாரும், பெற்றவளான நான் உட்பட, இதை அவனிடம் கேட்கவே இல்லை என்பது எனக்கு உறைத்தது. அவர் ஒரு கொப்புளத்தைக் கூரிய சிறு கத்தியின் முனையால் கிள்ளி, அதிலிருந்து வந்ததைக் கண்ணாடிச் சில்லில் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நீல மை கலந்த ஒரு சொட்டை அதன்மேல் விட்டார். சிறிது நேரம் கழித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர், எங்களையும் அழைத்துக் காட்டினார். நீலமாக, கசகசாவை ஓரிடத்தில் குவித்துக் கொட்டியது போல, உருண்டை உருண்டையாகக் கொத்துக் கொத்தாக இருந்தது. ஒன்றிரண்டு இருந்தால் அது எல்லார் தோலிலும் இருப்பதுதான், மயிர்க்காலுக்குள்ளிருந்து எடுத்ததில் இப்படிக் குவிந்திருப்பதுதான் நோய் என்று அவர் விளக்கினார். அந்தச் சோதனை முழுவதற்கும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மலசீசியா என்பது ஈஸ்ட் வகையைச் சேர்ந்த பூஞ்சை. இது வெளியிலிருந்து தொற்றுவது அல்ல. வளர்ந்த மனிதர் ஏறக்குறைய எல்லாருடைய தோலிலும் இயல்பாகவே குடியிருக்கிறது. தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையிலுள்ள கொழுப்பு அமிலங்களே இதன் உணவு. ஆகவேதான் எண்ணெய்ப் பசை மிகுந்த நெற்றி, மார்பு, முதுகு ஆகிய இடங்களை இது தேடிக்கொள்கிறது. நம் ஊரில் தேமல் என்கிறோமே, அதற்கும் காரணம் இதே பூஞ்சைதான். பொடுகிலும் இதற்குப் பங்கு உண்டு. 1874-இல் பிரெஞ்சு அறிஞர் லூயி சார்ல் மலசே இதைத் தலைப்பொடுகில் கண்டு விவரித்தார்; 1889-இல் அவர் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. எனக்கு வியப்பாக இருந்தது வேறொரு செய்தி. ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டவர்களுக்குப் பரு போன்ற கொப்புளங்கள் கிளம்புவதையும் அதில் இந்த ஈஸ்டுக்குப் பங்கு இருப்பதையும் அமெரிக்க மருத்துவர்கள் 1969-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள். தோலில் வாழும் பாக்டீரியாவும் ஈஸ்டும் ஒன்றையொன்று கட்டுக்குள் வைத்திருக்கின்றன. மாத்திரையால் பாக்டீரியா குறைந்தால் ஈஸ்டுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. என் மகனுக்கு மூன்று மாதம் நடந்தது அதுதான்.

மருத்துவர் சொன்ன வேறுபாடுகளை வாசகர்களுக்காக எழுதுகிறேன். உண்மையான பருவில் கரும்புள்ளி, வெண்புள்ளி, சிறியது, பெரியது, பழுத்தது என்று பலவும் கலந்திருக்கும். வலிக்குமே தவிர, பெரிதாக அரிக்காது. இதில் கரும்புள்ளி இருப்பதில்லை, கொப்புளங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், அரிக்கும், வியர்த்தால் கூடும். ஆனால் இதை வைத்துக்கொண்டு வீட்டிலேயே யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். ஒரே முகத்தில் பருவும் இதுவும் சேர்ந்தே இருப்பது உண்டு. அப்போது இரண்டுக்கும் தனித்தனியாகச் சிகிச்சை வேண்டும்.

என் மகனுக்குப் பூஞ்சைக்கு எதிரான மாத்திரை சில வாரங்களும், கீட்டோகோனசோல் ஷாம்புவும் கொடுத்தார்கள். தலைக்குத் தேய்ப்பது போலவே அதை நெற்றியிலும் முதுகிலும் மார்பிலும் நுரைக்கத் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். மாத்திரையின் பெயரையும் அளவையும் நான் வேண்டுமென்றே எழுதவில்லை. இதைப் படித்துவிட்டு ஒரு தாய் மருந்துக்கடைக்குப் போய் அதைக் கேட்டு வாங்கினால், நான் செய்த தவற்றையே அவரும் செய்ய நானே வழிகாட்டியது போல் ஆகும். இந்த வகை மாத்திரைகள் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். வேறு மருந்துகளோடு மோதும். மேலும், கண்டபடி பயன்படுத்தியதன் விளைவை நம் நாடு படர்தாமரையில் ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருக்கிறது. முன்பு எளிதாகக் குணமான படர்தாமரை இன்று டெர்பினாஃபின் என்னும் பூஞ்சை மருந்துக்கே கட்டுப்படாமல் மாதக் கணக்கில் நீடிப்பதைத் தோல் மருத்துவர் எவரைக் கேட்டாலும் சொல்வார்.

மூன்றாம் வாரத்தில் அரிப்பு நின்றது. இரண்டு மாதத்தில் முதுகு தெளிந்தது. கன்னத்தின் சிவப்பு அடங்கத்தான் ஓராண்டு பிடித்தது. பூஞ்சை தோலிலேயே குடியிருப்பது என்பதால், முற்றாக ஒழித்துவிட்டோம் என்று இருக்க முடியாது. இப்போதும் வாரம் ஒருமுறை ஷாம்பு தேய்த்துக் குளிக்கிறான். தலைக்கு எண்ணெய் வைத்தால் நெற்றியில் வழியாத அளவுக்கு வைக்கிறான். ஹெல்மெட்டின் உட்புறத் துணியை வாரந்தோறும் கழற்றித் துவைத்துக் காயப்போடுகிறான். கால்பந்து ஆடிவிட்டு வந்தால் நைலான் பனியனை உடனே கழற்றிக் குளித்துவிடுகிறான். சென்ற கோடையில் ஒருமுறை தலைகாட்டியது. இம்முறை என்னவென்று தெரிந்திருந்ததால் நேராக மருத்துவரிடமே போனோம்.

இனி அரசுக்கு என் வேண்டுகோள். வெளிப்பூச்சு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மத்திய சுகாதார அமைச்சகம் 2018-இல் ஹெச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. அதாவது, மருத்துவரின் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. டியூபின் மேலேயே அந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. என்றாலும், எங்களிடம் ஏழெட்டு முறையும் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகளாகியும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதைப் பெரிய குற்றமாகக் கருதிச் சோதனை செய்வதாகத் தெரியவில்லை. கடைக்காரரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வந்தவர் நலமாகட்டும் என்று எண்ணித்தான் அவரும் கொடுத்தார். முகத்துக்கு இது ஆகாது என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்கும் கடமை ஒருவருக்கும் இல்லையா?

அதேபோல், காசநோய்ச் சளியையும் மலேரியா இரத்தத்தையும் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் மைக்ரோஸ்கோப் இருக்கிறது. தோல் சுரண்டலைப் பார்க்கவும் அதுவே போதும். கரைசலின் விலையும் பெரிதல்ல. ஆய்வக நுட்பநர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்தால், கிராமத்துப் பிள்ளைகள் மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏறாமலேயே விடை தெரிந்துகொள்ளலாம்.

பரு ஒரு நோயா என்று இதை எளிதாக எண்ணிவிடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பதினெட்டு மாதத்தில் என் மகன் தன் அக்காளின் நிச்சயதார்த்தப் புகைப்படம் எதிலும் இல்லை. முடிவெட்டும் கடையில் எல்லார் முன்னிலும் நெற்றியைக் காட்ட வெட்கப்பட்டு, மாதக் கணக்கில் முடியை நெற்றியில் விழவிட்டுத் திரிந்தான். அதனாலேயே வியர்வை தேங்கி இன்னும் அதிகமானது. முகத்தைச் சரியாகக் கழுவுவதில்லை என்று வகுப்பில் ஒருவர் சொன்னதைக் கேட்டு, நாளைக்கு ஆறுமுறை சோப்புப் போட்டுத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டான். சுத்தமின்மையால் இது வருவதில்லை என்பதை ஆசிரியர்களும் விடுதிக் காப்பாளர்களும் தெரிந்துவைத்திருந்தால் பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.

தங்கள் நலவாழ்வுப் பக்கத்தின் கேள்வி பதில் பகுதிக்கு, பல மாதங்களாகப் பரு போகவில்லை என்று இளைஞர்கள் எழுதுவதைப் பார்க்கிறேன். இனி அப்படி ஒரு கடிதம் வந்தால், பதில் எழுதும் மருத்துவர் அரிப்பு உண்டா, கொப்புளங்கள் ஒரே அளவா, இதுவரை என்னென்ன களிம்பு பூசினீர்கள் என்ற மூன்றையும் கேட்டுவிட்டு மேலே எழுதுமாறு அன்புகூர்ந்து ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். இயன்றால் ஒரு முழுப் பக்கக் கட்டுரையாகவே, மைக்ரோஸ்கோப்பில் எடுத்த படத்தோடு வெளியிட்டால் நன்று.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தூத்துக்குடி.