ஏழாம் அதிகாரம்

அன்பின் பிள்ளைக்கு,

நாங்கள் நல்ல சுகம். உன்ர சுகத்துக்கு நல்லூரானை வேண்டுறன். நீ எழுதின கதைப்புத்தகம் கிடைச்சுது. அப்பா அகராதியைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு வாசிக்கிறார். தபால்காரனுக்கும் அட்டையைக் காட்டினவர். "ராசா வழக்கில்லாமல் ஒரு வருஷம் அடைக்கிறானாம். இஞ்ச 1979இல வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 18 மாதம் வைச்சிருந்தது, 2022இலதான் 12 ஆக்கினவை. உன்ர மகளின்ர ராசா நல்லவன்" எண்டு சிரிக்கிறார்.

மாமாவுக்குப் புத்தகம் குடுத்திட்டியோ? இல்லையெண்டால் இப்ப குடுக்காதை.

ஏழாம் அதிகாரத்தை அப்பா எனக்குத் தமிழில சொன்னவர். மந்திர முகமூடி போட்டவன் தலையாட்ட, முன்னால நிக்கிறவன் கல்லாகிறான். இதை ஆரிட்டக் கேட்டு எழுதினாய்? நாங்கள் வீட்டில கதைச்சதே இல்லை.

தலையாட்டிக்கு ஒரு சக்தியும் இருக்கேல்லைப் பிள்ளை. இந்திய ஆமி நிண்ட காலம், 88இல, சுற்றிவளைப்பெண்டால் விடியமுதல் எல்லாரையும் கோயில் வீதிக்கு வரச்சொல்லுவாங்கள். வரிசையில ஒவ்வொருத்தராப் போகவேணும். ஜீப்புக்குப் பக்கத்தில ஒருத்தன் இருப்பான். தலையில சாக்கு, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. அவன் தலையாட்டினால் அந்தப் பெடியன் ட்ரக்கில ஏறவேணும். காசுக்கு வந்தவங்களும் இருந்தவங்கள்தான், இல்லையெண்டேல்லை. ஆனால் முதல்நாள் பிடிச்சு அடிச்ச பெடியனையும் அடுத்தநாள் சாக்குப் போட்டு இருத்தினவங்கள். முகம் தெரியாததால சனம் காலைத்தான் பாக்கும். விரல், நகம், செருப்பு. நானும் பாத்தனான். கணுக்காலில சைக்கிள் செயின் வெட்டின தழும்பு.

உன்ர கதையில முகமூடி கழண்டவனைச் சனம் கல்லெறிஞ்சு கொல்லுது. நல்லா எழுதியிருக்கிறாய் எண்டு எல்லாரும் சொல்லுகினம், எனக்கும் பெருமைதான். எண்டாலும் பெத்தவளிட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாம். கடலுக்கு இந்தப் பக்கம் நான் இன்னும் உயிரோடதானே இருக்கிறன்.

மாமா உன்னைக் கனடாவுக்கு எடுத்துவிட்ட மனுசன். அவருக்குக் குடுக்காதை. மாமி கேட்டாலும் முடிஞ்சுபோச்சு எண்டு சொல்லு. அடுத்த பதிப்பு வருமெண்டால் அந்த அதிகாரத்தை ஒருக்கால் யோசி. மாத்தச் சொல்லேல்லை, யோசி.

மிளகாய்த்தூள் அனுப்பியிருக்கிறன், பாதியை மாமிக்குக் குடு. இதுக்குப் பதிலைக் கடிதத்திலயே எழுது. போனில வேண்டாம், அப்பா ஸ்பீக்கரில போட்டுத்தான் கேக்கிறவர்.

அம்மா