கரிபு மானும் நான் சொன்ன பொய்யும்

அன்புள்ள பெகாமகபோ ஐயா,

இன்று ஆகஸ்ட் 5. 1952இல் நீங்கள் கண்மூடிய நாள். இங்கே ரொறொன்ரோவில் எல்லோரும் கொட்டேஜுக்குப் புறப்படும் காலம். முதலாம் உலகப் போரில் கனடாவுக்காகப் போராடிய பூர்வகுடிச் சிப்பாய் நீங்கள். பெல்ஜியப் போர்க்களங்களில், ஈப்ரில் நெஞ்சுக்குள் போன நச்சுப்புகையையும் பாஷெண்டேல் சேற்றையும் உங்களுக்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை. ஒரு பொய்யைத் திருத்தத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் ஜோர்ஜியன் வளைகுடாக் கரையிலுள்ள பரி சவுண்ட் ஊரின் துறையடியில் உங்கள் சிலைக்குக் கீழே நின்றோம். படகு வெளிக்கிடப் பத்து நிமிடம். மனுசி கார் விட இடம் தேடிக்கொண்டிருந்தா, என் இரண்டு கையிலும் ஐஸ் பெட்டி. மகனுக்கு ஆறு வயது. உங்கள் கையில் கழுகு, தோளில் ரொஸ் துப்பாக்கி, காலடியில் கரிபு மான். அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்பா, இந்த மானை இவர்தான் சுட்டவரா?" என்று கேட்டான். நான் துப்பாக்கியைப் பார்த்தேன். "ஓம், பெரிய வேட்டைக்காரர். வா, படகு போகப்போகுது."

"அப்ப ஏன் கழுகைச் சுடேல்லை?"

பதில் சொல்லாமல் நடந்தேன். சிலையில் இருப்பவர் யார் என்றுகூடப் பார்க்கவில்லை. மாரியில்தான், பனி கொட்டிய ஒரு இரவில் உங்களைப் பற்றி வாசித்தபோது தெரிந்தது, கரிபு உங்கள் குலத்தின் அடையாளம் என்று. உங்கள் குலத்தையே நீங்கள் சுட்டுப்போட்ட இறைச்சி என்று பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். மன்னியுங்கள்.

ஆனால் எனக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. துப்பாக்கியோடு நிற்பவரை நின்று பார்க்கக்கூடாது என்று பழகிய ஊரிலிருந்து வந்தவன் நான். இதற்கு மேல் அதை எழுதமாட்டேன், இங்கே யார் யாரோ வாசிக்கிறார்கள். உங்களைப் பற்றிப் பேசத் தொடங்கும் எல்லோரும் முதலில் 378 என்கிறார்கள், நீங்கள் சுட்டு வீழ்த்தியதாகச் சொல்லப்படும் ஜெர்மன்காரரின் எண்ணிக்கை. எனக்கு அந்த எண் பிடிக்கவில்லை. வீரத்துக்கான மிலிட்டரி மெடலை மூன்று தடவை வாங்கிய கனடியர் 39 பேர்தான், அதில் நீங்கள் ஒருவர், சரி, அதைச் சொல்லுங்களேன். அந்த நெஞ்சு புகையில் கெட்டுப்போய்க் கடைசிவரை நிமிர்ந்து இருந்தபடியே நீங்கள் தூங்கியதைச் சொல்லுங்களேன். என் அப்பாவும் இழுப்பு வந்து கடைசி இரண்டு வருடம் கதிரையில்தான் நித்திரை கொண்டார். அதை வாசித்தபோதுதான் நீங்கள் எனக்கு ஒரு மனிதராகத் தெரிந்தீர்கள்.

போரால் திரும்பிய உங்களை இந்தியன் ஏஜெண்ட் என்ற, பூர்வகுடிகளை மேற்பார்க்க அரசு வைத்த ஒரு அதிகாரி கடனுக்கும் கடிதத்துக்கும் கைகட்டி நிற்க வைத்தார். 1927இலிருந்து பூர்வகுடிகள் நிலத்துக்காக வழக்குப் போடக் காசு சேர்ப்பதே குற்றமாக இருந்தது. 1933இலிருந்து நீங்கள் எழுதுவதெல்லாம் அந்த ஏஜெண்டின் கையால்தான் போகவேண்டும். பைத்தியம் என்றும் எழுதி வைத்தார்கள். நீங்கள் எழுதிக்கொண்டே இருந்தீர்கள். ஜோர்ஜியன் வளைகுடாத் தீவுகள் எங்களுடையவை, நாங்கள் கொடுக்கவில்லை என்று. நிலத்தை முடியரசுக்கு விட்ட 1850 ஒப்பந்தத்துக்கு உங்கள் ஆட்களுக்குக் கிடைத்தது, 1875இலிருந்து, ஆளுக்கு வருடம் 4 டொலர். நாங்கள் அந்தத் தீவுகளில் ஒன்றில் ஒரு இரவுக்கு அதைவிட நூறு மடங்கு கொடுத்துத் தங்கினோம். அந்தக் காசு யாருக்குப் போனது என்று நான் கேட்கவில்லை. முடியரசுக்குச் சத்தியம் செய்து ஒரே நாளில் குடிமகனாகி வாக்கும் வாங்கிக்கொண்டேன். உங்கள் ஊரார் எல்லோருக்கும் மத்திய தேர்தலில் வாக்குக் கிடைத்தது 1960இல், நீங்கள் போய் எட்டு வருடத்துக்கு அப்புறம்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் பொய்தான். 1921இல் உங்கள் ஆட்களின் தலைவராகி வந்ததும் கலப்பு இரத்தக்காரர்களை ரிசர்விலிருந்து, பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலத்திலிருந்து, வெளியேற்றச் சொல்லிக் கடிதம் எழுதினீர்களே, ஏன் ஐயா? ஊரே அதில் இரண்டுபட்டது. என் மனுசி தமிழ் இல்லை. உங்களிடம் மானைப் பற்றிக் கேட்டவன் பாதித் தமிழன். நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு இரண்டு நாள் உங்கள் பெயரையே பார்க்கப் பிடிக்கவில்லை. அதே வார்த்தையை எங்கள் வீட்டு நடுவறையில் சொன்ன சொந்தக்காரரும் உண்டு, அவர்களும் இதை வாசிப்பார்கள், ஆகவே இதோடு விடுகிறேன். துண்டு துண்டாய் நிலம் போகும்போது மிச்சம் யாருக்கு என்று பயம் வரும், அது விளங்குகிறது. விளங்கினாலும் கோபம் போகவில்லை.

இந்த வருடமும் போகிறோம். முற்பணம் கட்டியாயிற்று, மனம் கேட்டு ரத்துச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான், செய்யவில்லை. இந்தமுறை ஒரு மணித்தியாலம் முன்னதாக வெளிக்கிடச் சொல்லியிருக்கிறேன். மகனுக்கு இப்போது ஏழு. அந்த மானை நீங்கள் சுடவில்லை என்று நேற்றுச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அவர் ஆரைச் சுட்டவர்?" என்கிறான்.