பூசினாற்போல இருப்பவர்களும் ஐஸ் ஹாக்கி ஆடுகிறோம்

ஐஸ் ஹாக்கிக் கவசங்கள் செய்யும் நிறுவனங்களுக்கும் அவற்றை விற்கும் கடைக்காரர்களுக்கும்,

வணக்கம்.

டொரண்டோவுக்குப் பக்கத்தில் பெண்களுக்கான ஒரு சின்ன லீக்கில் ஞாயிறு இரவுகளில் ஆடுகிறேன். வயது 41. மகளை ஸ்கேட்டிங் வகுப்பில் விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே குளிரில் நிற்பதற்கு நாமும் உள்ளே இறங்கிவிடலாமே என்று தொடங்கினேன், இப்போது ஞாயிறு வராதா என்று வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் பூசினாற்போல என்பார்களே, அந்த உடல்வாகு எனக்கு. மார்பும் இடுப்பும் தொடையும் பெரிது, தோள் குறுகல், உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். அளவு தெரிந்தால்தான் மற்றது புரியும் என்பதால் சொல்கிறேன்.

போன மாதம் பக், அதாவது நாங்கள் அடித்து ஆடும் ரப்பர் வட்டு, என் வலது விலாவில் அடித்தது. தோளையும் நெஞ்சையும் மூடும் ஷோல்டர் பேட் போட்டுத்தான் இருந்தேன், ஆனால் அது ஆண்களுக்கானது. பெண்களுக்கென்று கடையில் இருந்ததிலேயே பெரிய அளவு என் மார்பைச் சுற்றி வரவில்லை, பக்கவாட்டுப் பட்டை ஒட்டவேண்டிய இடத்துக்கு நாலு விரற்கடை முன்பே நின்றுவிட்டது. ஆண்களுடையதில் நெஞ்சுக்கு நேரே தட்டையாகப் பலகை போல ஒன்று இருக்கிறதே, அது என் மார்பின் மேல் ஏறி உட்கார்ந்து முன்பக்கத்தையே தூக்கிவிடுகிறது. குனிந்தால் மேல் விளிம்பு தொண்டையில் இடிக்கிறது. தோள்மூடி தோளைத் தாண்டித் தொங்கி எல்போ பேடைக் கீழே தள்ளுகிறது. இதெல்லாம் போக, விலாவுக்கும் பேண்ட்டுக்கும் நடுவே ஒரு சாண் அகலத்துக்கு வெறும் உடம்பு. பக் வந்து அடித்தது அந்த ஒரு சாணில்தான். கிட்டத்தட்ட 170 கிராம் கெட்டி ரப்பர். எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது, ஆனாலும் மூன்று வாரம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடிபட்ட அதே வாரம் கடைக்குப் போனேன். ஆண்களுக்கு ஒரு சுவர் முழுக்க மாட்டியிருந்தது, பெண்களுக்கு ஒரு கொக்கியில் மூன்றே மூன்று. கடைப் பையன் பொறுமையானவன்தான். சிறுவர்களுக்கான பெரிய அளவைப் போட்டுப் பார்க்கச் சொன்னான், அப்புறம் ஆன்லைனில் தேடச் சொன்னான். கவசத்தைப் படம் பார்த்து எப்படி வாங்குவது? மாட்டிக்கொண்டு குனிந்து, கையைத் தூக்கி, ஸ்டிக்கைப் பிடித்துப் பார்த்தால்தானே தெரியும்.

நான் கேட்பது இதுதான்: பெண் உடம்புக்கென்று வெட்டிய கவசத்தைப் பெரிய அளவுகளிலும் செய்யுங்கள், கடையில் போட்டுப் பார்க்க வையுங்கள்.

கும்பகோணத்தில் என் அம்மாவுக்கு ஜாக்கெட் தைத்தவர் டேப்பை எடுத்தால் மார்புக்கு ஓர் அளவு, அதற்குக் கீழே ஓர் அளவு, தோளுக்குத் தனி அளவு எடுப்பார், முன்பக்கம் டாட் பிடிப்பார். மார்பு பெரிதென்றால் தோளும் அகலம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. ஒற்றைத் தையல் மெஷின் வைத்திருந்தவருக்குத் தெரிந்தது உங்கள் வடிவமைப்பாளர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

பேண்ட் கதையும் இதேதான். இடுப்புக்குப் பொருந்தினால் வயிற்றில் தொளதொளக்கிறது, தொடைக் காப்பு முட்டிக்கு இறங்கிவிடுகிறது. எங்கள் அணியில் ஒருத்தி அதைப் பிரித்து வீட்டில் தைத்துக்கொண்டாள். இன்னொருத்தி ஆட்டத்தையே விட்டுவிட்டாள். நன்றாக ஆடுவாள், கோல் முன்னால் அவளை நகர்த்தவே முடியாது.

வாங்க ஆள் இல்லை என்று சொல்வீர்கள். கடையில் இல்லாததை யார் வாங்குவார்கள்? 1990இல் ஒட்டாவாவில் பெண்களின் முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தபோது கனடா அணிக்கு இளஞ்சிவப்பு உடை கொடுத்தார்கள். இன்றைக்கும் சில கவசங்களில் பெண்களுக்கென்று மாறியிருப்பது நிறம் மட்டும்தான். 1998இல் நகானோவில் பெண்கள் ஹாக்கி ஒலிம்பிக்குக்கு வந்துவிட்டது. 2024 ஏப்ரலில் மான்ட்ரியாலில் ஒரு பெண்கள் ஆட்டத்துக்கு 21,105 பேர் வந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு நானும் ஆடுகிறேன் என்று வருகிற பெண்கள் எல்லாரும் ஒல்லியாகவா இருப்பார்கள்?

எங்கும் இதே நிலைதான். எங்களுக்கு ஆட ஐஸ் தளம் கிடைப்பதே இரவு பத்தேமுக்காலுக்கு, நல்ல நேரமெல்லாம் ஆண்கள் லீக்குக்குப் போய்விடுகிறது, மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து வேலைக்கு ஓடவேண்டும். சரி, அது உங்கள் கையில் இல்லை. கவசம் உங்கள் கையில் இருக்கிறது.

தயவுசெய்து பெரிய அளவுகளிலும் செய்யுங்கள். எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டு அளவெடுங்கள், வருகிறோம். கடைக்காரர்களே, அளவுக்கு ஒன்றாவது வரவழைத்து வையுங்கள். விலை கொஞ்சம் கூட என்றாலும் கொடுக்கிறேன்.

அடுத்த சீசன் அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பரில் கடைக்கு வருவேன், போட்டுப் பார்க்க ஒன்று எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு இரவு லீக்கின் இடதுபக்க ஆட்டக்காரி