சேகர வரலாற்று நூலுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்த நம் வியாசர்பாடி சேகரத்தின், அதாவது ஒரே போதகரின் பொறுப்பில் உள்ள நம் சபைத் தொகுதியின், வரலாற்றுச் சிறுநூல் அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் தனி ஒருவர் பெயரும் வேண்டாம் என்று குழு முடிவு செய்தது. என்றாலும், இதற்காக உழைத்தவர்கள் யார் யார் என்பது சபைக்குத் தெரியாமல் போகக் கூடாது. அதற்காகவே இந்த மடல்.

முதல் நன்றி ஆலயப் பணியாளர் அண்ணனுக்கு. 2015 வெள்ளத்தில் வியாசர்பாடித் தெருக்களில் தண்ணீர் ஏறியபோது, தம் வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டுப் பதிவேட்டுப் பெட்டியை மாடிக்குத் தூக்கிச் சென்றவர் அவர். அன்று அந்தப் பெட்டி நனைந்திருந்தால் இன்று நமக்கு எழுத எதுவும் இருந்திருக்காது. ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் தொழில் என்ற பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். மில் வேலை, மில் வேலை, ரயில்வே, துறைமுகக் கூலி, மீண்டும் மில் வேலை. 1996இல் பின்னி மில் மூடப்பட்ட பிறகு அந்தச் சொல் பதிவேட்டில் வருவதே இல்லை. ஒரு பக்கத்தின் ஓரத்தில், 'குழந்தை பலவீனம், வீட்டிலேயே ஞானஸ்நானம்' என்று அந்நாளைய உபதேசியார் பென்சிலில் குறித்திருக்கிறார். அந்தக் குழந்தை வளர்ந்து, அதே ஆலயத்தில் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் தம் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெற்றதை அடுத்த பதிவேட்டில் கண்டுபிடித்தபோது குழுவில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு எவ்வளவு சொன்னாலும் தகாது. நாங்கள் 1919 ஜனவரி 14இலிருந்து, அதாவது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாக உருவான நாளிலிருந்து, தொடங்கலாம் என்றிருந்தோம். ஐயா ஒப்பவில்லை. 1706இல் ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கியதைச் சொல்ல வேண்டும், அங்கிருந்து 1726இல் மிஷனரி சூல்ட்சே சென்னைக்கு வந்ததைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நம் பிள்ளைகளுக்கு நம் ஊரின் பங்கே தெரியாது என்றார். அவர் சொன்னபடிதான் சென்னை வேப்பேரியைப் பற்றிய அத்தியாயம் விரிந்தது. 1761இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றப்பட்ட அச்சு இயந்திரம் வேப்பேரியில் இருந்த ஜெர்மன் மிஷனரி பப்ரிசியுஸ் கைக்கு வந்ததும், 1779இல் அவருடைய தமிழ் அகராதி அச்சேறியதும் இங்கிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் நடந்தவை. அவருடைய ஞானப்பாட்டுகளை ஆராதனையில் இன்றும் பாடுகிறோம்.

ஜெர்மன் மிஷனரிகளின் காலம் முடிந்த விதத்தையும் ஐயாவே எங்களுக்கு விளக்கினார். முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பரில், எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுக எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டது வடசென்னையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தப் போரில், இங்கே ஊழியம் செய்துவந்த ஜெர்மன் லுத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷனின் ஊழியர்கள் அடைக்கப்பட்டு, நாட்டை விட்டு அனுப்பப்பட்டார்கள். பொறுப்பை சுவீடன் மிஷன் ஏற்றது. வெளிநாட்டு மிஷன் ஒன்றை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று அப்போது பட்டறிந்த பிறகே 1919 வந்தது. 1921இல் முதல் பேராயரானவர் சுவீடனைச் சேர்ந்த ஹெயுமன். ராஜா மாணிக்கம் முதல் இந்தியப் பேராயராக 1956இல் பொறுப்பேற்றார். பேராயரின் இருக்கை திருச்சியில் இருந்தாலும் 'தரங்கம்பாடிப் பேராயர்' என்ற பட்டம் அப்படியே தொடர்கிறது. நம் சேகரத்தின் சபைக் குழுவிலிருந்து திருச்சபையின் பேரவையான சினாடு வரை எந்த முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதை இளைஞர்களுக்குப் புரியும்படி ஒரே பக்கத்தில் எழுதித் தந்த அக்காவுக்கும் நன்றி.

பெண்கள் சங்கத்துப் பெரியம்மாவை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில், சாதி வழக்கத்தை விட மனமின்றி வேப்பேரி ஆங்கிலிக்கன் சபையை விட்டுப் பிரிந்த சிலரை லைப்சிக் மிஷன் சேர்த்துக்கொண்டது. சாதி விஷயத்தில் அந்த மிஷன் இளக்கம் காட்டியது. இதை நூலில் எழுதலாமா என்று குழுவில் தயக்கம் இருந்தது. "எங்க பாட்டி கோயிலில் எங்கே உட்கார்ந்தாள் என்பது எனக்குத் தெரியும். எழுதாவிட்டால் என் பெயரை நன்றிப் பட்டியலில் சேர்க்காதீர்கள்" என்றார் பெரியம்மா. எழுதினோம். நூலில் மிகத் தேவையான நான்கு பக்கங்கள் அவை என்பது என் கருத்து.

குருகுல் இறையியல் கல்லூரி நூலகத்தில் கேட்ட நூல்களையெல்லாம் பொறுமையாக எடுத்துத் தந்த ஊழியர்களுக்கும், படங்களை ஸ்கேன் செய்த தம்பிக்கும், கூலி குறைத்து பைண்டிங் செய்த பட்டாளம் பகுதி ஐயாவுக்கும், பிழை திருத்திய ஆசிரியை அம்மாவுக்கும், எல்லாக் கூட்டத்துக்கும் தேநீர் அனுப்பிய வீடுகளுக்கும் நன்றி.

இரவல் வாங்கிய திருமணப் படங்களும் திடப்படுத்தல் குழுப் படங்களும் உறையில் பெயர் எழுதி ஆலய அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு வந்து பெற்றுக்கொள்ளுங்கள். படங்களில் பெயர் தெரியாதவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களைக் கட்டாயம் உடன் அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
சேகர வரலாற்றுக் குழுவின் சார்பாக,
அதன் செயலாளர், வியாசர்பாடி