மைனரின் குட்டி ஹோஸ்

அன்புள்ள மச்சான்,

வோட்டர் பம்பில் ஹோஸ் பூட்டுகிற இடத்தில் தண்ணீர் ஒழுகுகிறது என்று எழுதின உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம், அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி. நீ லண்டனில் 1964ஆம் ஆண்டுத் தயாரிப்பான மொரிஸ் மைனர் கார் வாங்கின கதையை அம்மாவிடம் சொன்னேன். "யாழ்ப்பாணத்தில ஓடாத மைனரா?" என்று சிரிக்கிறார்.

படத்தில் பார்த்தால், வோட்டர் பம்பில் ரப்பர் ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற கிளிப் எல்லாம் ரப்பருக்குள் புதைந்து கிடக்கிறது. பூட்டினவருக்கு நல்ல கைப்பலம்! ஆனால் இறுக்கினால் மட்டும் தண்ணீர் நிற்காது. ஹோஸைக் கழற்றிப் பார், பம்பின் வாயில் துருவும் பழைய ரப்பரும் ஒட்டியிருக்கும். எமரித் தாளால் விரல் வழுக்கும்வரை தேய். சவர்க்காரத் தண்ணீர் தடவி ஹோஸை ஏற்று. எண்ணெய், கிரீஸ் தொடாதே, ரப்பர் ஊதிவிடும். வாயின் நுனியில் சின்ன மேடு இருந்தால் கிளிப் அதைத் தாண்டி உட்பக்கம் இருக்க வேண்டும். மேட்டின் மேலேயே போட்டால் நாளடைவில் வழுக்கி வரும். எஞ்சின் ஒருமுறை சூடேறி ஆறினதும் ரப்பர் கொஞ்சம் அமுங்கும், அப்போது திரும்பவும் இறுக்கு. குளிருக்கு அன்ரிஃபிரீஸ் ஊற்றுவாய்தானே. தண்ணீர் கசியாத இடத்திலும் அது கசியும்.

கிளிப்பில் காசு பார்க்காதே. பட்டையில் துளை வெட்டினது ரப்பரை அரிக்கும். துளை வெட்டாமல், பட்டையில் பல் அழுத்தினதாக வாங்கு. ஜூபிலி கிளிப் உன் ஊர்ச் சரக்குத்தான், லம்லி ரொபின்சன் என்ற கடற்படைக்காரர் 1921இல் காப்புரிமை எடுத்தது.

பம்பிலிருந்து நேரே சிலிண்டர் ஹெட்டுக்கு, அதாவது எஞ்சினின் மேல்பாகத்துக்கு, போகிற குட்டி ஹோஸ்தான் ஆளைக் கொல்லும். எஞ்சின் சூடாகும்வரை ரேடியேற்றருக்குத் தண்ணீரை விடாத தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றுவது அந்த ஹோஸினூடாக. பம்பும் ஹெட்டும் பூட்டியிருந்தால் சாதாரண ஹோஸ் உள்ளே போகாது. ஆர்மோனியத் துருத்திபோல மடிப்பு வைத்தது கேள்; கிளிப் இரண்டையும் முதலே கோர்த்து, அமுக்கி நுழைக்கலாம். எதற்காகப் பம்பைக் கழற்றினாலும் அதையும் மாற்றிவிடு. பழையது நன்றாயிருக்கிறதே என்று யோசிக்காதே.

பம்பின் அடியில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. ஈரம் அங்கிருந்து வந்தால் ஹோஸைக் குற்றம் சொல்லாதே, உள்ளே சீல் போய்விட்டது. சிலர் அதை அடைத்துவிடுகிறார்கள், மடத்தனம். அப்புறம் தண்ணீர் பெயரிங்குக்குத்தான் போகும்.

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில், கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோமே, ஞாபகம் இருக்கா? வெடித்த ஹோஸுக்குச் சைக்கிள் ரியூப் சுற்றிக் கட்டுக்கம்பி முறுக்கினது வேறு வழியில்லாமல். இப்பவும் அதைக் கெட்டித்தனமாகச் சொல்லித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குப் பிடிப்பதில்லை. கம்பி ரப்பரை வெட்டும். போதாததற்கு எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு, ரேடியேற்றர் முழுக்கப் படிந்துவிடும். நான் இப்போது மழைத் தண்ணீர் பிடித்து வைத்துத்தான் ஊற்றுகிறேன்.

மாசியில் வரும்போது அந்த மடிப்பு ஹோஸ் இரண்டு கொண்டு வா. காசு இங்கே தருகிறேன். வேண்டாம் என்று சண்டை பிடிக்காதே.

அன்புடன்,
உன் மச்சான்