பொருத்திய இடத்தில் நேர்ந்த பிழை: திரவமட்ட சென்சார் குறித்த புகார்

அனுப்புநர்:
வாழை விவசாயி,
களக்காடு, நாங்குநேரி வட்டம்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 19.05.2025

பொருள்: கரைசல் தொட்டியில் அல்ட்ராசானிக் சென்சாரைத் தவறான இடத்தில் பொருத்தியதால் மோட்டார் எரிந்தது – மறுபொருத்தமும் இழப்பீடும் கோருதல்.

ஐயா,

வணக்கம். கடந்த மார்ச் 14ஆம் தேதி, திருநெல்வேலியில் உள்ள தங்கள் விற்பனை முகவரிடம் ரூ.7,400 செலுத்தி, ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு திரவமட்டம் காட்டும் அல்ட்ராசானிக் சென்சாரும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வாங்கினேன். பொருத்துகூலியாகத் தனியே ரூ.900 பெற்றுக்கொண்டு, தங்கள் பணியாளர் ஒருவர் மறுவாரம் தோட்டத்துக்கே வந்து மாட்டிக் கொடுத்தார். கருவியின் மீது எனக்குக் குறை இல்லை. அதைத் தொட்டியில் பொருத்திய விதம் குறித்தும், அதனால் நேர்ந்த சேதத்துக்கு வெயிலையும் என் கரைசலையும் காரணம் காட்டித் தங்கள் சேவை மையம் ஒதுங்கிக்கொண்டது குறித்துமே இதை எழுதுகிறேன்.

நானும் என் தம்பியும் சேர்ந்து ஐந்து ஏக்கரில் ஏத்தன் வாழை போட்டிருக்கிறோம். ஏக்கருக்கு 200 லிட்டர் வீதம் ஜீவாமிர்தம் தயாரித்து, வடிகட்டி, 1,000 லிட்டர் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் ஏற்றி, அங்கிருந்து சிறிய மோட்டார் வழியாகச் சொட்டுநீர்க் குழாயில் விடுகிறோம். சாணமும் கோமியமும் வெல்லமும் பயறு மாவும் சேர்ந்து புளித்த கரைசல் ஆகையால் நுரை கட்டும். அதைக் குறைப்பதற்காக, உள்ளே இறங்கும் பிவிசி குழாயின் நுனியில் ஒரு எல்போ (வளைவு இணைப்பு) மாட்டி, கரைசல் சுவரில் பட்டு வழியும்படி செய்திருக்கிறேன். இரவில் கரைசல் விடும்போது, தொட்டி தீர்ந்ததும் மோட்டார் தானாக நிற்க வேண்டும் என்பதற்காகவே தங்கள் கருவியை வாங்கினேன். மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருப்பதே பெரும்பாடு. மோட்டாருக்கும் சேர்த்துக் காவல் இருக்க எங்களிடம் ஆள் இல்லை.

பொருத்த வந்தவர், தொட்டியின் மேற்தோளில், அந்தக் குழாய் இறங்கும் துளைக்கு 6 செ.மீ. பக்கத்திலேயே சென்சாருக்கும் துளையிட்டார். குழாய்க்கு இவ்வளவு அருகில் வேண்டுமா என்று கேட்டேன். "அண்ணாச்சி, இங்க வச்சாத்தான் ஒயர் எட்டும், ஒண்ணும் ஆகாது" என்றார். மேற்தோள் சரிவானது என்பதால் சென்சார் நேராக நிற்காமல் குழாய்ப் பக்கம் சாய்ந்தே நிற்கிறது. தொட்டியின் அடித்தரையிலிருந்து சென்சார் முகம் வரை டேப் வைத்து அளந்து, 110 செ.மீ. தூரத்தைக் காலி என்றும், 25 செ.மீ. தூரத்தை நிறைவு என்றும் பெட்டியில் பதிந்தார். அதைவிட அருகில் வரும் எதிரொலியைக் கருவியால் பிரித்தறிய முடியாது என்பதால் 25 செ.மீ. விட்டது சரிதான். பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மோட்டார் நிற்கும் என்றும் அமைத்துவிட்டுப் போனார்.

மே 2ஆம் தேதி இரவு கரைசலைத் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். விடியற்காலையில் தம்பி போய்ப் பார்த்தபோது மோட்டார் அறை முழுவதும் எரிந்த வாடை. தொட்டி சுத்தமாகக் காலி. பெட்டியிலோ 47 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது. வெறுமையாக ஓடிய மோட்டாரின் சீல் உருகி, உள்ளிருக்கும் கம்பிச்சுருளும் (காயில்) கருகியிருந்தது. சீல் மாற்றிக் காயில் கட்டுவதற்கு ரூ.3,150 ஆயிற்று.

அன்று மாலையே தொட்டியைக் கழுவித் துடைத்து, உள்ளே சொட்டுக் கரைசல்கூட இல்லாத நிலையில் பார்த்தேன், அப்போதும் 47. குழாயை மேலே உருவி எடுத்ததும் எண் சரசரவென்று இறங்கி 1 ஆயிற்று. திரும்பச் சொருகினேன், மீண்டும் 47. சென்சார் முகத்திலிருந்து எல்போவின் மேல்பாகம் வரை டேப்பால் அளந்தால் சரியாக 70 செ.மீ. இருந்தது. 110இல் 70 போக மீதி 40. அந்த 40 செ.மீ., மொத்த அளவீட்டு உயரமான 85 செ.மீ.இல் 47 சதவீதம். ஒலி கூம்பு போல் விரிந்து இறங்குவதால், அருகில் இருக்கும் எல்போவில் பட்டு முதலில் திரும்பும் எதிரொலியைக் கருவி கரைசலின் மேல்மட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. கரைசல் எல்போவுக்கு மேலே இருக்கும்வரை அளவு ஒத்துப்போனதால், முதல் சில வாரங்கள் பகலில் பாதித் தொட்டி மட்டும் விட்டபோது இது எங்கள் கண்ணில் படவில்லை.

தங்கள் சேவை மையத்தில் தொலைபேசியில் பேசியவர், சித்திரை வெயிலில் காற்று சூடாகி ஒலியின் வேகம் மாறுவதே காரணம் என்றார். மாறும் என்பது உண்மை. 20 டிகிரியில் வினாடிக்கு 343 மீட்டராக இருப்பது 40 டிகிரியில் சுமார் 355 மீட்டர் ஆகிறது. கருவி வெப்பத்தைக் கணக்கில் எடுக்காவிட்டாலும், 110 செ.மீ. தூரம் 106 என்று காட்டும். பிழை 4 செ.மீ.க்குள் அடங்கும். இங்கே பிழை 40 செ.மீ. மேலும் இரவு பத்து மணிக்கும் அதே 47தான் நின்றது.

கரைசலின் நுரையும் காரணம் என்று அவர் சொன்னதில் நியாயம் உண்டு. நுரை ஒலியை விழுங்கிவிடுவதால் கரைசல் ஏற்றிய முதல் அரைமணி நேரம் எண்கள் தாவுவதை நானும் பார்க்கிறேன், அதற்காகப் பணம் கேட்கவில்லை. ஆனால் தொட்டியில் என்ன ஊற்றப்போகிறேன் என்பதை வாங்கும்போதே முகவரிடம் விளக்கியபோது, எந்தத் திரவமானாலும் காட்டும் என்றுதான் சொன்னார். நுரை பற்றிய எச்சரிக்கையும், குழாயும் சுவரும் குறுக்கிடாத இடத்தில் சென்சாரைச் செங்குத்தாகப் பொருத்த வேண்டும் என்ற விதியும், தங்கள் கையேட்டின் ஆறாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பொருத்த வந்தவர் அந்தப் பக்கத்தைப் புரட்டியதாகத் தெரியவில்லை.

ஆகவே, தொட்டியின் நடு மூடிக்கும் சுவருக்கும் இடையே, குழாய்க்கு எதிர்ப்புறத்தில், சரிவை ஈடுகட்டும் வாஷர் வைத்துச் சென்சாரை மாற்றிப் பொருத்தி, ஒயர் எட்டாவிட்டால் நீட்டித் தர வேண்டும். பழைய துளையைக் கசிவில்லாமல் அடைக்க வேண்டும். மோட்டார் செலவு ரூ.3,150, பொருத்துகூலி ரூ.900 ஆகியவற்றைத் திருப்பித் தர வேண்டும். நுரைக்காக, அடியில் துளைகளும் மேலே காற்றுப்போக்கியும் உள்ள நான்கு அங்குலக் குழாயை நிறுத்தி அதனுள் அளப்பது சரிவருமா என்பதைத் தங்கள் பொறியாளர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். சரிவராது என்றால், அடியில் அழுத்தத்தை அளக்கும் சென்சாராக மாற்றித் தாருங்கள். விலை வித்தியாசத்தை நானே செலுத்துகிறேன்.

விலைப்பட்டியல், மோட்டார் பழுதுபார்த்த ரசீது, காலித் தொட்டியோடு 47 என்று காட்டும் பெட்டியின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என முறையிடுவேன். பணியாளரை அனுப்புவதானால் முதல் நாளே தகவல் தாருங்கள். தொட்டியைக் காலி செய்து கழுவி வைக்க ஒரு பகல் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)